கத்தரினுக்கு நான் குறைத்த ஆறு வயது

கத்தரினுக்கு இந்த மே மாதத்தோடு எழுபது வயது. கனடா அரசாங்கத்தின் கணக்கில் அறுபத்து நான்கு. நடுவில் காணாமல் போன ஆறு வருடங்களை எடுத்தவன் நான். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில்தான் எடுத்தேன். அப்படிச் சொல்லிக்கொண்டே முப்பத்தைந்து வருடம் ஓட்டியாயிற்று, இனி அது எடுபடாது.

எங்கள் இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல் நகரத்தில் ஒரு சின்னத் துண்டு. முழங்கால் ஒத்துழைத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரைமணி நேரத்தில் நடந்துவிடலாம். தெற்கிலும் கிழக்கிலும் ரயில் பாதை, வடக்கே நெடுஞ்சாலை, மேற்கே லாக்காடி வீதி நெடுகக் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் பெரிய வீடுகளும் புல்வெளிகளும் உள்ள வேறோர் ஊர். எங்களில் பலர் அந்த வீடுகளைக் கூட்டித் துடைக்கப் போயிருக்கிறோமே தவிர, வேறு காரியமாகப் போனதில்லை. வேலிக்கு இந்தப்பக்கம் மூன்று மாடிச் செங்கல் கட்டடங்கள். முதலில் கிரேக்கர்கள் இருந்தார்கள், பிறகு நாங்கள், பஞ்சாபிகள், வங்காளிகள். ஒரு வீட்டு மீன்குழம்பும் இன்னொரு வீட்டுப் பரோட்டாவும் மாடிப்படியில் மணத்துக்கு மணம் சண்டை பிடிக்கும். பிள்ளைகள் அதே படியில் பிரெஞ்சில் சண்டை பிடிப்பார்கள். யார் வந்து கணக்கெடுத்தாலும் வறிய இடம் என்று எழுதிக்கொண்டு போவார்கள். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

எண்பத்து நான்கில் நான் இங்கே வந்தபோது தமிழர்களை விரல்விட்டு எண்ணலாம். மன்னாரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவன் நான். மாலை வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சும் படித்துக்கொண்டேன். அது போதுமாக இருந்தது. எண்பத்தாறு, எண்பத்தேழில் சனம் வந்து குவியத் தொடங்கியதும், புளூம்ஃபீல்ட் தெருவில் நாங்கள் சமைத்துச் சாப்பிடுகிற குசினி மேசை ஓர் அரசாங்க அலுவலகம் மாதிரி ஆயிற்று. அகதி விண்ணப்பம், வேலை அனுமதி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எதுவென்றாலும் என்னிடம் வருவார்கள். போம், அதாவது படிவம், நிரப்புகிறவன் என்பதால் போம் யோசெப் என்று பட்டம் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து எங்கள் கத்தோலிக்கக் கோயில் வாசலுக்கு வந்தால் நான்கு பேராவது என் கையைப் பிடிப்பார்கள். எனக்கு அது நன்றாகவே பிடித்திருந்தது. தலைக்கனம் என்று என் மனைவி சொல்வாள். சரியாகத்தான் சொன்னாள்.

கத்தரின் எண்பத்தொன்பது ஐப்பசியில் வந்தாள். ஏஜென்சிக்காரன் கொடுத்த கள்ளப் பாஸ்போட்டைத் தவிர அவளிடம் ஒரு தாளும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஊர், மன்னாருக்குப் பக்கத்தில் கடலோரம். என் அம்மாதான் அவளுக்கு ஞானத்தாய். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று எனக்கு நான்கு வயது. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஞானஸ்நானத்தோடு காரியம் முடிந்தது என்று பிறப்புப் பதியாமலே விட்டுவிட்டார். பிறகு யுத்தத்தில் கோயிலும் எரிந்தது, கோயிலில் இருந்த பதிவுப் புத்தகமும் எரிந்தது, பள்ளிக்கூடமும் போயிற்று.

மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, பிறந்த திகதி என்ன என்று நான் கேட்டேன். ஐம்பத்தைந்து வைகாசி பதினாலு என்றாள். முப்பத்து நான்கு வயது, கலியாணமாகவில்லை, தகப்பனும் இல்லை, இருந்த ஒரு தமையனும் செத்துப்போனான். நான் பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் இங்கே பெண் தேடிக்கொண்டிருந்த பெடியன்கள் ஏராளம். ஆனால் முப்பது தாண்டிய பெண் என்றால் ஒருவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். மாப்பிள்ளையைவிடப் பெண்ணுக்கு ஒரு நாளாவது வயது குறைவாக இருக்கவேண்டும் என்பதில் கிறிஸ்தவ வேதக்காரர், சைவக்காரர் என்று எங்களுக்குள் பேதமே இல்லை. இனி அவளுடைய வயது அந்தத் தாளில் உள்ளதுதான், வேறு எங்கும் எழுத்தில் கிடையாது. பிறந்த வருடம் அறுபத்தொன்று என்று நான் எழுதினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள்.

உள்ளதைச் சொன்னால், அவள் ஒருத்திக்கு மட்டும் நான் அப்படிச் செய்யவில்லை. வேறு சிலருக்கும் இரண்டு, மூன்று என்று தட்டியிருக்கிறேன். ஆறு வருடம் தட்டியது அவளுக்கு மட்டும்தான்.

சில மாதங்களில் அவளுக்கு அடையாளத் தாள் வந்தது. எண்களை வாசிக்கப் பிரெஞ்சு தேவையில்லையே, கண்டுபிடித்துவிட்டாள். அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"அண்ணை, இதிலை வருசம் பிழையாய்க் கிடக்கு."

நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். கோபித்திருப்பாள், இல்லாவிட்டால் சிரித்திருப்பாள், அதோடு போயிருக்கும். ஆனால் அதற்குள் நான் சூசைதாசனுக்கு அவளைக் கலியாணம் பேசத் தொடங்கியிருந்தேன். அவன் ஐம்பத்தெட்டில் பிறந்தவன், மன்னாரில் பேசாலை ஊரான், நல்லவன். பெண்ணுக்கு வயது இருபத்தெட்டு என்று அவனுடைய மாமனிடம் சொல்லியாயிற்று. ஆகவே கூசாமல் இன்னொன்று சொன்னேன்.

"அவங்கள் பதியேக்கை பிழை விட்டிருக்கிறாங்கள் பிள்ளை. இப்ப மாத்தப் போனால் முழுக் கேசையும் திருப்பிக் கிண்டுவாங்கள். பேசாமல் இரும்."

அவள் நம்பிவிட்டாள். என்னை நம்பாமல் அப்போது யாரை நம்புவாள்?

கலியாணம் தொண்ணூற்றொன்றில் நடந்தது. கோயிலில் கலியாணம் என்றால் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். புத்தகம் எரிந்துபோனதைச் சுவாமியாரிடம் விளக்கினேன். அப்படியென்றால் நேரில் கண்ட ஒருவர் சத்தியம் பண்ணினால் போதும் என்றார். நேரில் கண்டவன் நான்தான். அவருடைய அறையில் வேதாகமத்தின் மேல் கை வைத்து, ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்றில் இந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானம் நடந்தது, என் கண்ணால் கண்டேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து சூசைதாசனோடு கோப்பி குடித்தேன். கோப்பி தொண்டையில் சிக்கவில்லை. அன்றைக்குச் சிக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர்கள் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். வைஸ்மன் தெருவில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு, வயதான கிரேக்கர் ஒருவருடைய கட்டடம். அவர்களுடைய மகள் ஜொய்சி அந்த வீட்டில்தான் பிறந்து வளர்ந்தாள். சூசைதாசன் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவத் தொடங்கிக் கடைசியில் சமையல்காரன் ஆனான். கத்தரின் சென்ட் லோரன்டில் மாத்திரைப் போத்தல்களுக்கு மூடி பூட்டும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, இரண்டு பஸ் மாறிப் போய், எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. பனியில் அவள் பஸ்ஸுக்கு நிற்பதை நான் எத்தனையோ தடவை என் ஜன்னலால் கண்டிருக்கிறேன். சூசைதாசன் இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் ஈரல் வருத்தத்தில் செத்தான். அடுத்த வருடம் அவளுக்கு உண்மையில் அறுபத்தைந்து. அரசாங்கத்தின் முதியோர் பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்திருக்க வேண்டியவள். தாளில் ஐம்பத்தொன்பது என்றபடியால் தொடர்ந்து பஸ்ஸுக்கு நின்றாள். அந்தப் பனிமாரி முழுவதும் நான் அந்த ஜன்னல் பக்கம் போகாமல் இருந்தேன். திரைச்சீலையையும் இழுத்துவிட்டேன். என்னுடைய வீரம் அவ்வளவுதான்.

போன மார்கழியில் கத்தரின் ஒரு பதிவுத் தபாலோடு வந்தாள். கிரேக்கர் கட்டடத்தை விற்றுவிட்டார். வாங்கிய புது முதலாளி, தன் மகன் குடியிருக்க அந்த வீடு வேண்டும், ஜூன் கடைசிக்குள் வீட்டை விட்டு எழும்பவேண்டும் என்று எழுதியிருந்தார். முப்பத்து மூன்று வருடம் இருந்த வீடு. அவள் கொடுக்கிற வாடகைக்கு இன்றைக்கு பார்க் எக்ஸில் ஒரு அறைகூடக் கிடையாது. நான் வாசித்துச் சொன்னேன். அங்கே சாமி கும்பிடுகிற மூலையில்தான் சூசைதாசனுடைய கட்டில் இருந்தது என்று மட்டும் சொன்னாள்.

ஜொய்சி எங்களைக் குடியிருப்பாளர் உதவி அலுவலகம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் தாதியாக வேலை செய்கிறாள், பிரெஞ்சைக் கரைத்துக் குடித்தவள், என் துணை அவளுக்குத் தேவையில்லை. கத்தரின்தான், யோசெப் அண்ணையும் வரட்டும் என்றாளாம். அலுவலகத்தில் இருந்த இளம்பெண் நல்ல மாதிரி. ஒரு சட்டம் இருக்கிறது என்றாள். அறுபத்தைந்து வயதுக்கு மேலானவர், பத்து வருடத்துக்கு மேல் அதே வீட்டில் இருப்பவர், வருமானமும் குறைவு என்றால், மகனுக்கு வேண்டும் என்று சொல்லி எழுப்ப முடியாதாம். அம்மாவுக்கு எத்தனை வயது என்று கேட்டாள்.

அறுபத்து மூன்று என்றாள் ஜொய்சி.

நான் கத்தரினைப் பார்த்தேன். அவள் தன் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ஜொய்சிக்கு உண்மை தெரியாது என்பது எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கி, பரிதாபம், இரண்டு வருடம் குறைகிறதே என்றாள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்து முடிவதற்குள் எழும்பி வெளியே வந்துவிட்டோம்.

மூன்று கிழமை நான் சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டவில்லை. என் மனைவி இருந்திருந்தால் ஒரே பார்வையில் பிடித்திருப்பாள். அவள் போய் நான்கு வருடம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் இளம் சுவாமியாரிடம் சொன்னேன். என்னிடம் சொல்வது சரி, அந்த அம்மாவிடம் சொன்னீர்களா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. முப்பது வயதுப் பெடியன் எனக்குப் புத்தி சொல்கிறான் என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்தேன். மறுநாள் வைஸ்மன் தெருவுக்கு நடந்தேன்.

அன்று சனிக்கிழமை. கத்தரின் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கத்தரின், அந்த வருசத்தை மாத்தி எழுதினது நான்தான். அவங்கள் பிழை விடேல்லை."

அவள் கத்தியை வைத்தாள். கையைத் துடைத்தாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவள் உள்ளே போய் ஜொய்சிக்குப் போன் எடுத்தாள். "ஒருக்கா வா மோனை, யோசெப் மாமா உனக்கொரு கதை சொல்ல வேணுமாம்" என்று சொல்லிவிட்டு, திரும்ப வந்து வெங்காயத்தை எடுத்தாள். ஜொய்சி வந்து சேர நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் நான் கோட்டோடு கதிரையில் இருந்தேன். தேத்தண்ணி வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு நாள் அதற்கு முன் நடந்ததில்லை.

ஜொய்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், போமில் எழுதியதையும் அதிகாரிகள் தலையில் பழியைப் போட்டதையும். சுவாமியாருடைய அறையில் பண்ணிய சத்தியத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. அப்பாவுக்கு இது தெரியுமா என்று ஜொய்சி தாயைக் கேட்டாள். தாய் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். பிறகு ஜொய்சி அழுதாள். அழுது முடித்துவிட்டு, தாதி அல்லவா, காரியத்தில் இறங்கினாள். பழைய அடையாள அட்டைப் பதிவு ஏதும் இருந்தால் தேடித் தரச்சொல்லிக் கொழும்புக்கு எழுதினாள். மன்னார் மேற்றிராசனத்துக்கு, ஆயருடைய அலுவலகத்துக்கு, எழுதினாள். புத்தகம் எரிந்தது உண்மைதான் என்று மன்னாரிலிருந்து பதில் வந்தது, கொழும்பிலிருந்து ஒன்றும் வரவில்லை. உதவி அலுவலகத்துப் பெண் கேட்டுவிட்டு, அப்படியானால் ஒரே வழிதான் இருக்கிறது, நேரில் கண்ட சாட்சி யாராவது வாடகை வழக்கு விசாரிக்கிற நடுவர் முன்னால் வந்து சொல்லவேண்டும் என்றாள். நான்தான் சாட்சி. எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நான் கெடுத்ததை நானே திருத்திவிடலாம் என்று நம்பினேன்.

விசாரணை சித்திரையில் நடந்தது. நடுவர் ஐம்பது வயதுப் பெண்மணி, பொறுமையானவர். எனக்கு மொழிபெயர்க்க ஒருவரை வைத்திருந்தார்கள், சென்னைக்காரர். முப்பத்தைந்து வருடம் ஊர் முழுவதற்கும் மொழிபெயர்த்தவன் நான். எனக்கு ஆள் வேண்டாம் என்றேன். சாட்சிக்கு உள்ள ஒழுங்கு அது என்றார்கள். சத்தியம் பண்ணிவிட்டு, ஐம்பத்தைந்தில் ஞானஸ்நானம் நடந்ததையும், அம்மாவின் சேலையையும், தண்ணீர்த் தொட்டியையும் சொன்னேன். அகதி விண்ணப்பத்தில் வருடத்தை மாற்றியவன் நானே என்பதையும் சொன்னேன். நடுவர் தலையை அசைத்து எழுதிக்கொண்டார். ஜொய்சி தாயின் கையைப் பிடித்தாள். நன்றாகப் போகிறது என்றுதான் எனக்குப் பட்டது.

பிறகு முதலாளியின் வக்கீல் எழும்பினார். ஒரேயொரு கேள்விதான் கேட்டார். அந்த விண்ணப்பத்தைத் தவிர, இந்த அம்மாவின் பிறந்த வருடத்தைப் பற்றி நீங்கள் வேறு எங்காவது, எப்போதாவது, எவரிடமாவது வேறுவிதமாகச் சொன்னதுண்டா?

அவருக்கு ஒன்றும் தெரியாது. வலையைச் சும்மா வீசினார். கோயில் கோப்பு எங்கோ பெட்டியில் கிடக்கிறது, அந்தச் சுவாமியார் செத்துப் பதினைந்து வருடம். இல்லை என்ற ஒரு சொல் போதும், வீடு மிஞ்சும். சொல் என் வாய்வரை வந்தது. ஆனால் சற்று முன்னர்தான் சத்தியம் பண்ணியிருந்தேன். இதே பெண்ணுடைய வயதைப் பற்றி இரண்டாவது தடவையும் கடவுளைச் சாட்சிக்கு இழுத்து வைத்துப் பொய் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஓம், சொன்னதுண்டு என்றேன். தொண்ணூற்றொன்றில் வேதாகமத்தின் மேல் கை வைத்து அறுபத்தொன்று என்று சொன்னதைச் சொன்னேன்.

நடுவர் பேனையை நிறுத்தினார். பிரெஞ்சில் அவர் கேட்டது எனக்கு உடனேயே விளங்கிவிட்டது. சென்னைக்காரர் தன் கடமையைச் செய்தார்.

"சார், நீங்க ரெண்டு தடவை சத்தியம் பண்ணியிருக்கீங்க. அதுல எதை நம்பறதுன்னு மேடம் கேக்கறாங்க."

இப்போது சொன்னதை என்றேன். என் காதுக்கே அது சாட்சி சொல்கிற குரலாகக் கேட்கவில்லை. வைகாசியில் தீர்ப்பு தபாலில் வந்தது. சாட்சியின் வார்த்தையை மட்டும் நம்பி அரசாங்கப் பத்திரத்தைத் தள்ளிவைக்க முடியாது என்று எழுதியிருந்தது. பத்திரப்படி அவளுக்கு அறுபத்து நான்கு. முதலாளியின் கடிதம் இன்னும் ஒரு வருடம் தள்ளி வந்திருந்தால் அந்தப் பொய் வயதே அவளைக் காப்பாற்றியிருக்கும். தீர்ப்பைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

அந்த ஓம் சரியா, பிழையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முந்திய பொய்யால் எனக்குப் பேர் வந்தது, அவளுக்கு நட்டம். பிந்திய உண்மையால் என் மனச்சாட்சி கொஞ்சம் ஆறியது, நட்டம் அப்போதும் அவளுக்குத்தான். விசாரணை முடிந்த அன்று ஜொய்சி தாயைக் கூட்டிக்கொண்டு, என்னை விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஜூன் கடைசி ஞாயிறு சாமான் ஏற்றினார்கள். மொன்றியலில் பாதிச் சனம் அந்த ஒரு கிழமைக்குள்தான் வீடு மாறும். வைஸ்மன் தெரு முழுக்க மெத்தைகளும் அலுமாரிகளும் லொறிகளுமாக இருந்தன. கத்தரின் இனி சென்ட் மிஷேலில் ஜொய்சியின் வீட்டில். மருமகனுக்குச் சம்மதம், ஆனால் ஒரே அறைதான் இருக்கிறது, பேரப்பிள்ளையோடு பங்குபோட வேண்டும். தொழிற்சாலைக்கு இனி மூன்று பஸ். நான் பார்சல் தூக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு போனேன். எழுபத்து நாலு வயதுக்காரனை எவனும் பார்சல் தூக்க விடுவதில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் மனதுக்குள் பாடம் பண்ணிக்கொண்டு போனேன். போம், அதிகாரிகள் மேல் போட்ட பழி, சுவாமியாருடைய அறை, பஸ்ஸுக்கு நின்ற ஐந்து மாரி, உதவி அலுவலகத்தில் கண்ணாடி துடைத்தது, வக்கீலுக்குச் சொன்ன ஓம். ஒன்றையும் விடவில்லை என்று நினைத்தேன்.

மற்றவர்கள் கீழே லொறியோடு நின்றார்கள். வெறும் குசினியில் கத்தரின் அடுப்புத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள், வருகிறவன் குறை சொல்லக்கூடாது என்று. நான் பாடம் பண்ணியதைத் தொடங்கினேன். இரண்டாவது வசனத்திலேயே அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"வீடு போனால் போகட்டும் அண்ணை. நீங்கள் வழக்கிலை சொன்னதும் சரிதான், அதிலை எனக்குக் கோவமில்லை."

துணியை மடித்து அடுப்பின்மேல் வைத்தாள். பிறகு, என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"கலியாணத்துக்கு நாலு நாளைக்கு முதல் உங்கடை வீட்டை வந்தனான். அவருக்கு என்ரை வயதைச் சொல்லட்டோ எண்டு கேட்டனான். நீங்கள் ஆருக்கோ போம் நிரப்பிக்கொண்டிருந்தனீங்கள். தலை நிமிரேல்லை. இப்ப வேண்டாம் பிள்ளை, பேந்து சொல்லலாம் எண்டனீங்கள். பேந்து, பேந்து எண்டு இருபத்தெட்டு வருசம் போச்சு. ஆஸ்பத்திரியிலை கடைசி நாள் அவர் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, நீ என்னைவிட மூண்டு வயது சின்னன், எனக்குப் பிறகும் கனகாலம் இருப்பாய், உடம்பைப் பாத்துக்கொள் எண்டவர். சாகப்போற மனிசனுக்கு அதைச் சொல்லேலுமோ? ஓம் எண்டனான்."

அந்தக் கிழமையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். மேசை நினைவிருக்கிறது. மேசையில் கிடந்த கட்டுக்கட்டான போம்கள் நினைவிருக்கிறது. கலியாணத்துக்கு நான் வாங்கிய சாம்பல்நிறக் கோட்டுக்கூட நினைவிருக்கிறது. அவள் வந்து நின்றது இல்லை. அவள் கேட்டது இல்லை. நான் சொன்னதும் இல்லை.

"எனக்கு அது ஞாபகமில்லை, பிள்ளை" என்றேன்.

"ஓம், இருக்காது" என்றாள் கத்தரின். கைப்பையை எடுத்துக்கொண்டு, கைபிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் போனாள்.